இடது பின்கதவு

“ஹருமி! குளியல் தொட்டியில ஊறப் போட்டிருந்த கார்க் கதவுக் கீலை யார் எடுத்தது?”

“நான்தான். மனுஷங்களும் அதுல குளிக்கலாம்னு கேள்விப்பட்டேன்.”

“அது அறுபத்து நாலாம் வருஷ ஒரிஜினல் கீல்!”

“நான் அறுபத்தொன்பதாம் வருஷ ஒரிஜினல். எனக்கும் மூட்டு இறுகிப் போயிருக்கு. என்னை யாரும் எண்ணெயில ஊறப் போடல.”

டெட்சுயா கீலைத் தேடினான். அது ஜன்னல் ஓரத்தில், காயவைத்த முள்ளங்கிக்குப் பக்கத்தில், சமையலறைத் துண்டில் சுற்றிக் கிடந்தது. துண்டு கறுப்பாகியிருந்தது. ஹருமி அந்தத் துண்டைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், மிசோ சூப்பைக் கலக்கினாள்.

மேசையில் உட்கார்ந்து ஊறுகாயைக் கடித்துக்கொண்டிருந்த கினுயே அம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. “இரும்புக் கடைக்குப் போட்டுட்டு வாடான்னு எத்தனை தடவை சொல்றது?”

“அம்மா, அது அப்பாவோட கார்.”

“அப்பாவே போயாச்சு. கார் எதுக்கு?”

டெட்சுயாவின் இந்த வியாதியை வாராவாரம் பார்த்து வருகிறவர்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம்.

கிர்யூவில், வீட்டுக்குப் பின்னால், ரம்பப் பல் போல் கூரை போட்ட பழைய நெசவுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் கிடந்தது. ஹயாசே டீலக்ஸ். கருநீலம். “கல்யாணத்துக்கு முன்னாடி புத்தம் புதுசா வாங்கினேன். வேற ஒருத்தர் கை பட்டதில்ல” என்பார் டெட்சுயாவின் அப்பா தொகுசோ. அவர் போன பிறகு, அந்த வாக்கியம் இந்த வீட்டில் பூஜை மாடத்துக்கு ஏறிவிட்டது. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ, ஸ்க்ரூ முதல் ரப்பர் வரை அப்படியே திரும்பக் கொண்டுவருவது என்று மகன் தார்ப்பாயை இழுத்தான்.

நாளை ஆற்றங்கரைத் திடலில் பழைய கார்களின் கூட்டம். அதில் ‘ஒரிஜினல்’ வரிசை என்று ஒன்று உண்டு. பழைய கார்ச் சங்கத்தைச் சேர்ந்த அராய் இன்று மதியம் வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, சீட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் அந்த வரிசையில் இடம். காருக்கு முன்னால் வைப்பதற்கு ஒரு பலகைகூடத் தயார். நல்ல தூரிகைக்காரரிடம் கொடுத்து எழுதி வாங்கியது. ‘முதல் நாளிலிருந்து ஒரே சொந்தக்காரர். என் அப்பா.’

இதில் என்ன தொல்லை என்றால், வாங்கிய எதுவும் பொருந்துவதில்லை.

நகோயாவிலிருந்து போன வாரம் வந்த இடது பின்கதவு பார்க்க அச்சாக அப்படியே இருந்தது. தூக்கி வைத்தால் காரின் கதவுத் தூணில் ஏதோ ஒரு தகடு இடித்தது. ஹொக்கைடோவிலிருந்து வந்த, முன்சீட்டை நகர்த்தும் தண்டவாளம் காரின் தரையில் ஒரு பிளவுக்கு மேல் தொங்கியது. கியூஷூவிலிருந்து வந்த டிக்கி விரிப்பைப் போடப் போனால், காரின் டிக்கித் தரையில் எவனோ போட்ட நான்கு பெரிய போல்ட் ஓட்டைகள்.

“அனுப்புறவன் எல்லாம் ஏமாத்துக்காரன்,” என்றான் டெட்சுயா, தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு.

“நாடு முழுக்கவா?” என்றாள் ஹருமி.

“ஒரிஜினல்னு சொல்லிட்டு வேற மாடலை அனுப்புறாங்க.”

“ஒருவேளை அவங்க அனுப்புறது சரியா இருந்து, நம்ம கார்தான்...”

“நம்ம கார்தான் என்ன?”

“ஒண்ணுமில்ல. சூப் ஆறுது.”

டிக்கி ஓட்டைகளுக்கு அவனிடம் காரணம் இருந்தது. அப்பா நூல் பெட்டிகளை இறுக்கிக் கட்டுவதற்குப் போட்டது. கூரைத் துணியைப் பிரித்தபோது மேலே ஈயம் வைத்து அடைத்த ஓட்டைகள் தெரிந்தன. அதற்கும் காரணம் இருந்தது. அப்பா தூண்டில் கம்பு வைக்க ஸ்டாண்டு போட்டிருக்கிறார்.

“மாமா மீன் பிடிச்சு நான் பாத்ததே இல்லையே,” என்று ஹருமி அப்போதே சொல்லியிருந்தாள்.

“உனக்கு முன்னாடி பிடிச்சிருப்பார்.”

“அத்தை, மாமா மீன் பிடிப்பாரா?”

“அவருக்குக் கடல்னாலே வாந்தி,” என்றிருந்தாள் கினுயே, சட்டென்று எழுந்து போய்.

டிரைவர் சீட்டுக்கு வலப்பக்கம் தரையில், தகடு போட்டுத் தார் பூசி மறைத்திருந்ததை அவன் பிரித்தெடுத்த அந்தப் பிளவுக்கும், இடது பின்தூணில் இருந்த தகட்டுக்கும் மட்டும்தான் எந்தப் பழக்கத்தையும் அப்பா தலையில் கட்ட முடியவில்லை. அதனால் அராய் வருவதற்குள் இரண்டையும் வெல்டிங் வைத்து மூடிவிடுவதாக முடிவு.

“மூடிடு,” என்றாள் கினுயே. காரைப் பற்றி அவள் மகனோடு ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. “அந்த ஓட்டையை நல்லா மூடிடு.”

ஹருமிக்கு அது காதில் விழுந்தது. சாதாரணமாகத்தான் விழுந்தது.

*

அகாகி மலையிலிருந்து வறண்ட காற்று கொட்டகைத் தகரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தபோது கயோகோ வந்து சேர்ந்தாள். டெட்சுயாவின் அக்கா. ஓட்டாவில் குடித்தனம். ஒரு கையில் மஞ்சு என்கிற சுட்ட பணியாரப் பொட்டலம். இன்னொரு கையில் நீளமான அட்டைப்பெட்டி.

“இந்தா, உன் ஹோரிகோமி சான் குடுத்த பொணம். ரெயில்ல எல்லாரும் என்னையே பாத்தாங்க. நுனி ஒரு தாத்தாவோட காதை இடிச்சுது.”

ஹோரிகோமி ஓட்டாவில் பழைய கார்களை உடைத்து விற்கிறவர். தூணில் இருந்த தகட்டையும் கீலையும் படமெடுத்து அனுப்பி, ‘இதோடு சேருவது எது’ என்று டெட்சுயா கேட்டிருந்தான். ‘இருக்கு, அக்கா கையில கொடுத்து விடறேன்’ என்று பதில் வந்தது. என்ன சாமான் என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. ஒரிஜினலா என்று மட்டும் கேட்டிருந்தான்.

பழைய கதவையே திரும்ப மாட்டி முடித்திருந்தான் டெட்சுயா. ஊறவைத்த கீலில், நகோயாக் கீலில் இல்லாத ஒரு காது நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் ரம்பம் வைத்து அறுத்துவிடத்தான் நினைத்திருந்தான்.

பெட்டியைப் பிரித்தான். எண்ணெய்க் காகிதத்துக்குள் ஒரு நீளமான இரும்புத் தண்டு. இரண்டு வளைவு. ஒரு முனையில் கைப்பிடி போல ஒரு லீவர், அதன் தலையில் கறுப்புக் குமிழ். டெட்சுயா அதைத் திருப்பினான். விளக்கைப் பிடித்தான். எச்சில் தொட்டுத் தேய்த்தான்.

“முத்திரையைப் பாரு. தூண் தகட்டுல இருக்கிற அதே முத்திரை!”

“எனக்குத் துருதான் தெரியுது,” என்றாள் கயோகோ.

தண்டைத் தரைப் பிளவு வழியாக விட்டான். அது சீட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய், இடது தூண் தகட்டின் வளையத்துக்குள் நுழைந்து, கீலின் காதில் போய் உட்கார்ந்தது. அரத்தால் ராவவில்லை. சுத்தியால் தட்டவில்லை. க்ளிக்.

டெட்சுயாவின் கண் கலங்கிவிட்டது. “அக்கா! பொருந்திடுச்சு! மூணு வருஷத்துல முதல் தடவையா ஒரு சாமான்...”

“சரி அழாதே. இது எதுக்கு?”

“தெரியல.”

“தெரியலையா?”

“லீவர் இருந்தா இழுக்கணும். வேற என்ன?” என்று இழுத்தான்.

இடது பின்கதவு ஒரு உதறு உதறி, படாரென்று முழுசாகத் திறந்து, பக்கத்தில் இருந்த பெயின்ட் டப்பாவை உருட்டித் தள்ளியது.

கயோகோ கையிலிருந்த மஞ்சு கீழே விழுந்தது. அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

“தானாத் திறந்துச்சு,” என்றாள்.

“நான்தான் இழுத்தேன்.”

“தானாத் திறந்துச்சுடா! நான் சொன்னேன்ல! நாலு வயசுல! மழை. நான் கையே வைக்கல. கதவு திறந்துச்சு. அப்பா முன்னாடி உக்காந்து சிரிச்சார். நான் பாலர் பள்ளியில போய்ச் சொன்னேன். அதுக்கு அம்மா என்னை மெத்தை அலமாரிக்குள்ள போட்டு மூடினாங்க. பொய் சொல்ற பொண்ணு வேண்டாம்னாங்க. நீ பெரியவனானதும் என்னைப் ‘பேய்க்கதவு அக்கா’ன்னு கூப்பிட்ட. என் கல்யாணத்துல, மைக்கைப் பிடிச்சு, என் மாமியார் முன்னாடி!”

“சும்மா இரு அக்கா, போன் பண்றேன்.”

ஹோரிகோமியின் குரல் அந்தக் கொட்டகை முழுவதும் கேட்டது. “பொருந்திடுச்சா? அப்போ சந்தேகமே இல்ல. உங்களது டாக்சிங்க. டிரைவர் உக்காந்த இடத்துலேருந்தே பயணிக்குக் கதவைத் திறக்கிற லீவர். டிக்கியில காஸ் சிலிண்டர் போல்ட் இருக்குமே, நாலு? கூரையில விளக்கு மாட்டின ஓட்டை? ஆங், அதேதான். எங்க சார் கிடைச்சுது உங்களுக்கு? இப்ப சொந்தக் காரை விட டாக்சிதாங்க அபூர்வம். எல்லாத்தையும் ஓட்டியே கொன்னுட்டாங்க. ஹலோ? சார்?”

டெட்சுயா போனை அணைத்திருந்தான்.

நூல் பெட்டி. தூண்டில் கம்பு. ஒவ்வொன்றாக அவன் முகத்திலிருந்து உதிர்வதை, சாப்பிடக் கூப்பிட வந்த ஹருமி வாசலில் நின்று பார்த்தாள். கேலி செய்ய எவ்வளவோ இருந்தது. அவள் உருண்டு கிடந்த பெயின்ட் டப்பாவை நிமிர்த்தி வைத்தாள்.

“அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது,” என்றான் டெட்சுயா. கதவுச் சட்டத்தின் ரப்பரை உரித்தான். உளியின் நுனியால் கருநீலத்தைச் சுரண்டினான். நீலத்துக்கு அடியில் சாம்பல். சாம்பலுக்கு அடியில், முட்டைக் கரு மாதிரி, நல்ல மஞ்சள்.

“டீலக்ஸ்ல மஞ்சளே கிடையாது,” என்றான் மெதுவாக. அந்தக் காரின் வண்ணங்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

“அப்பா பொய் சொல்லியிருக்கார்,” என்றாள் கயோகோ.

“சொல்லல.”

“பின்ன?”

“அப்பா பொய் சொல்ல மாட்டார்!” அவன் முகமூடியை எடுத்தான். வெல்டிங் இயந்திரத்தை இழுத்தான். “இதைக் கழட்டி எடுத்துட்டு ஓட்டையை மூடப் போறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல அராய் வந்துடுவார்.”

“மூடினா ஒரிஜினலா? ஒரு ஸ்க்ரூ மாத்தி இருந்தாலே ராத்திரி தூங்க மாட்ட நீ!”

“அது வேற.”

“என்ன வேற? நான் பொய்க்காரின்னு பேர் வாங்கினதுக்கு இதுதான் சாட்சி. இதை எடுக்க விடமாட்டேன்.” கயோகோ அந்த வயதிலும் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து லீவரைப் பிடித்துக்கொண்டாள்.

“விடு!”

“விடமாட்டேன்!”

“ஒரிஜினல் குமிழ் அது, நகம் படுது!”

அவள் இழுக்க, இவன் அமுக்க, அந்தப் பக்கம் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டது. ஹருமி இரண்டு பேரையும் பார்த்தாள். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் பேரன் எடுத்தவர்.

“உடோன் நூடுல்ஸ் வெந்தாச்சு,” என்றாள். யாரும் கேட்கவில்லை. “அகல உடோன். நின்னா கஞ்சியாயிடும்.” படார். “நான் ஒருத்தி இங்க நிக்கிறேன்!” படார்.

*

கினுயே அம்மாள் வந்தாள். சமையல் குச்சி கையில் இருந்தது. காற்று அவள் மேலங்கியைப் பிடித்து இழுத்தது.

இந்த ஊரில் கார் இல்லாமல் ஒரு முள்ளங்கி வாங்க முடியாது. ஆனாலும் கினுயே கார் ஓட்டி இந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் பார்த்ததில்லை. சைக்கிள், அதற்குப் பிறகு மருமகளின் கார். முன்சீட்டில்கூட உட்கார மாட்டாள். தலை சுற்றுகிறது என்பாள். ஓட்டக் கற்றுக்கொள்ளுங்களேன் என்று ஹருமி கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அவள் லீவரைப் பார்த்தாள். அடித்துக்கொள்ளும் கதவைப் பார்த்தாள். சட்டத்தில் சுரண்டிய மஞ்சளைப் பார்த்தாள். அங்கே கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

“மூடச் சொன்னேனே,” என்றாள்.

“அம்மா, நீங்களே சொல்லுங்க,” டெட்சுயா மூச்சு வாங்கினான். “அப்பா இதைப் புதுசாத்தானே வாங்கினார்? அந்த ஹோரிகோமி டாக்சிங்கிறான்.”

கயோகோ விட்டுக்கொடுக்கவில்லை. “என்னை ஏன் அலமாரியில போட்டீங்கன்னு சொல்லச் சொல்லு!” என்று இன்னொரு முறை லீவரை ஓங்கி இழுத்தாள். கதவு பறந்தது. கீல் கிறீச்சிட்டது.

“ஐயோ, அப்படி இழுக்காதேடி!” கினுயே கத்திவிட்டாள். “ஏறுறவங்க முழங்கால் என்ன ஆகும்? இறங்கு. இறங்குன்னா இறங்கு. ரெண்டும் ரெண்டு எருமை. எதைத் தொட்டாலும் உடைக்கத்தான் தெரியும்.”

சமையல் குச்சியை மகன் கையில் திணித்தாள். மகளைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்தாள். தானே உள்ளே உட்கார்ந்தாள். முதலில் இரண்டு விரலால் உட்கண்ணாடியைத் திருப்பினாள். முதுகு நிமிர்ந்தது. வலது கை கீழே போயிற்று. கண் போகவில்லை, கை மட்டும் போயிற்று, உப்பு ஜாடி இருக்கும் இடத்துக்குப் போவது போல.

“பாதி வரைக்கும் தூக்கு. அங்க கொஞ்சம் நிறுத்து. அப்புறம் கையைத் தளர விடு. மிச்சத்தைக் கதவே பாத்துக்கும். இதுல என்ன கஷ்டம்?”

இடது பின்கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. யாரோ உள்ளே வரச் சொல்லிக் கை நீட்டுவது போல.

கினுயே தலையைத் திருப்பாமல், கண்ணாடியைப் பார்த்து, அந்த வீட்டில் யாரிடமும் பேசாத ஒரு குரலில் கேட்டாள்:

“எங்க போகணுங்க?”



கேட்டது தன் வாய்தான் என்று அவளுக்கும் அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது. கை லீவரிலேயே நின்றது.

டெட்சுயா சமையல் குச்சியைப் பிடித்தபடி நின்றான். “அம்மா... உங்களுக்கு லைசென்ஸே கிடையாதே.”

“இப்ப கிடையாது.”

“அப்படின்னா அப்பா...”

“அந்த மிஷினைத் தள்ளி வை. எதையும் மூட வேண்டாம்.”

“காலையில நீங்கதானே மூடச் சொன்னீங்க!”

“காலையில நீ இதைக் கொண்டாந்து மாட்டல. இனிமே மூடி என்ன பிரயோஜனம்?”

டெட்சுயா பலகை பக்கம் பார்த்தான். ‘ஒரே சொந்தக்காரர்.’ கறுப்பு மை பளபளத்தது. அவன் போய் அதை எடுத்தான். உடைப்பானோ என்று ஹருமி பயந்தாள். அவன் அதைத் திருப்பி, எழுத்து சுவரைப் பார்க்கும்படி சாத்தினான். பிறகு வெல்டிங் இயந்திரத்தின் ஒயரைப் பிடுங்கினான்.

“சொல்லுங்கம்மா,” என்றான். “அராய் வந்தா நான் என்ன சொல்லணும்? யாரோட வண்டி இது?”

கினுயே மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். இருவரும் சீட்டுக்கு அருகே முண்டியடித்து நின்றார்கள், ஒருவர் பாதத்தை ஒருவர் மிதித்துக்கொண்டு.

“உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்ல முடியாது. பாதியில கத்துவீங்க.” கண்ணாடியில் அவள் கண் ஹருமியைத் தேடியது. “ஏறு.”

“நானா அத்தை?”

“உடோன் எப்படியும் கஞ்சியாயிருக்கும். ஏறு.”

ஹருமி ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். கதவைச் சாத்தக் கையை நீட்டினாள்.

“தொடாதே. அது என் வேலை.”

கதவு மெத்தென்று மூடிக்கொண்டது. முன்கதவையும் இழுத்துச் சாத்திப் பூட்டினாள் கினுயே. வெளியே மகனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் தட்ட ஆரம்பித்தார்கள். அம்மா, அம்மா, இதென்ன நியாயம், நான்தானே பெரியவ, நான்தானே சரி பண்ணினேன்.

ஹருமிக்கு மூன்று வருஷத்துச் சலிப்பும் ஒரே வாக்கியமாக வாய்த்தது. “கண்ணாடியைத் தட்டாதீங்க! ஒரிஜினல்!”

டெட்சுயாவின் கை அந்தரத்தில் நின்றது.

உள்ளே பழைய ரெக்ஸினும் எண்ணெயும் மணத்தன. கினுயே இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்திருந்தாள். தெருமுனையில் ஒரு வண்டி திரும்புகிற சத்தம். அராயாக இருக்கலாம்.

“உன் மாமனார் இந்த வண்டியில முதல் தடவை உக்காந்தது முன்னாடி இல்ல,” என்றாள். “இப்ப நீ உக்காந்திருக்கியே, அங்க.”

“பயணியாவா?”

“ஆமா. நான்தான் கதவைத் திறந்து விட்டேன். எங்க போகணுங்கன்னு கேட்டேன். பதில் சொல்லல.”

“ஏன்?”

கினுயே கண்ணாடியைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பினாள். ஹருமியின் முகம் அதிலிருந்து விலகிப் போய், பக்கத்தில் இருந்த வெறும் சீட்டு தெரிந்தது.

“தனியா வரல. கூட ஒரு பொண்ணு. கல்யாணக் கிமோனோவோட.”

ஹருமி தன்னையறியாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தாள்.